மதிப்பெண் போட மட்டும் கூப்பிடுகிறார்கள்

2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் சென்னை வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் தரை தெரியக் கிடந்த கோடை அது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் அந்தக் கோடையை மறந்திருக்க மாட்டார்கள். பிறகு மழை வந்தது. ஏரிகளில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தது, தெருவில் லாரிச் சத்தம் குறைந்தது.

2020 ஜனவரியில் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் நாடு முழுக்க மக்களிடம் ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தது. மார்ச் வரை கேட்டார்கள். 111 நகரங்களிலிருந்து ஏறக்குறைய 32 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். 2021 மார்ச் 4 அன்று 'ஈஸ் ஆஃப் லிவிங்' பட்டியல், அதாவது வாழ எளிதான நகரங்களின் பட்டியல், வெளியானது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 49 நகரங்களில் சென்னைக்கு நான்காம் இடம். கோவைக்கு ஏழு.

அதே கேள்விகளை ஆறேழு மாதம் முன்னால், 2019 ஜூனில் கேட்டிருந்தால்? 2015 டிசம்பர் முதல் வாரத்தில், மொட்டை மாடியில் படகுக்குக் காத்திருந்தவரிடம் கேட்டிருந்தால்? ஒரே ஊர், ஒரே ஆள், மூன்று மாதிரியான பதில்கள் வந்திருக்கும். இதைக் குதர்க்கம் என்று தள்ள முடியாது. அடுத்த கருத்தாய்வு 2022இல் நவம்பர் 9 முதல் டிசம்பர் 23 வரை நடந்தது. டெல்லிக்கு அது புகைமூட்டத்தின் காலம், நமக்கு அடைமழைக் காலம். இடையில் மாண்டஸ் புயல் வேறு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. நாட்டுக்கெல்லாம் ஒரே தேதியில் கேட்டால் எல்லாருக்கும் ஒரே நியாயம் என்று தோன்றும். வானிலை அப்படி நினைப்பதில்லை.

ஓர் ஊர் வாழத் தகுந்ததா என்பதை எப்படி அளப்பது, அதில் அங்கே குடியிருப்பவர்களுக்கு என்ன பங்கு என்ற கேள்வி சென்னை வட்டாரத்துக்கு இப்போது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2008இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது திட்டம் தயாராகிவருகிறது. இருபது ஆண்டுக்கு எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே கைவைக்கக் கூடாத நீர்நிலை என்று அது கோடு போடும். போட்ட கோடு சரியா என்று பின்னால் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? அந்த அளவுகோலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கையில் இருக்கிற கோலைப் பார்ப்போம். 2018இல் வந்த முதல் பட்டியலில் 78 குறிகாட்டிகள், அதாவது அளந்து பார்த்த விஷயங்கள். மக்களின் கருத்துக்கு அதில் இடமே இல்லை. மாநகராட்சிகளும் துறைகளும் கொடுத்த புள்ளிவிவரம்தான் எல்லாம். அதில் திருச்சி 12, சென்னை 14. 2021இல் வந்த பட்டியலில் குறிகாட்டிகள் 49 ஆகின. வாழ்க்கைத் தரத்துக்கு 35 விழுக்காடு, பொருளாதாரத் திறனுக்கு 15, நீடித்த தன்மைக்கு 20, மீதி 30 மக்களின் கருத்துக்கு. கோலையே மாற்றிய பிறகு 14ஆம் இடத்திலிருந்து 4ஆம் இடத்துக்கு ஏறினோம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. அடிக்கோலால் ஒரு தடவையும் முழத்தால் ஒரு தடவையும் அளந்துவிட்டுப் பையன் வளர்ந்துவிட்டான் என்று சொல்கிற கதைதான்.

இன்னொரு வேடிக்கை. பத்து லட்சத்துக்குக் கீழே உள்ள நகரங்களில் சேலம் 56.40 வாங்கி ஐந்தாம் இடம், வேலூர் 56.38 வாங்கி ஆறாம் இடம். வித்தியாசம் 0.02. தாவணகெரே 55.25, திருச்சி 55.24. யாரிடம் கேட்டோம், எந்த நாளில் கேட்டோம் என்பதிலேயே இதைவிடப் பெரிய பிசகு வந்துவிடும். இப்படிப்பட்ட எண்களை வைத்து ஐந்தாவது, ஆறாவது என்று வரிசை கட்டுவதும், அதை ஒரு நகராட்சி பேனர் அடித்து மாட்டுவதும், எடைக்கல்லுக்குக் கீழே புளி ஒட்டியிருப்பதைப் பார்க்காமல் கிராம் கணக்குப் பேசுவது போல.

ஆனாலும் மக்களிடம் கேட்டது சரியான திருத்தம் என்றே நினைக்கிறேன். அலுவலகப் புள்ளிவிவரத்துக்குத் தெரியாத விஷயங்கள் இருக்கின்றன. நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. இத்தனை இணைப்பு கொடுத்தோம், இத்தனை தண்ணீர் விட்டோம் என்று கோப்பில் இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலை நாலு மணிக்கு வருகிறது, பத்து நிமிடம் தவறினால் அடுத்த முறைக்குத்தான், அதனால் வீட்டில் ஒருவர் தூங்காமல் விழித்திருக்க வேண்டும், அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்தான் என்பது கோப்பில் இருக்காது. தெருவிளக்கு எத்தனை என்று தெரியும். எந்த வளைவைத் தாண்டும்போது பெண்கள் நடையை எட்டிப்போடுகிறார்கள் என்று தெரியாது. இதையெல்லாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கேட்பதில் இருக்கிற சிக்கல் வேறு மாதிரியானது. அமர்த்தியா சென் எடுத்துக்காட்டிய ஒரு பழைய கணக்கு உண்டு. வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் உடல்நலம் எப்படி என்று ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் உடம்புக்கு முடியவில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 விழுக்காடு. அந்தப் பெண்கள் ஆண்களைவிட நலமாக இருந்தார்கள் என்று யாராவது நம்புவார்களா? குறை சொல்லிப் பழகாதவர்களிடம் குறை என்ன என்று கேட்டிருக்கிறார்கள். லாரித் தண்ணீருக்குப் பழகிய தெரு, வாரம் ஒரு லாரி தவறாமல் வந்தால் 'பரவாயில்லை' என்று எழுதும். இருபத்துநாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் பார்த்த தெரு, ஒரு நாள் நின்றால் 'மோசம்' என்று எழுதும். சராசரி போட்டால் இரண்டாவது தெருவுக்குத்தான் முதலில் ஆள் போவார்கள்.

யார் பதில் சொல்கிறார்கள் என்பது அடுத்தது. 32 லட்சம் என்ற எண் பெரிதாகத் தெரியும். எண்ணிக்கை பெரிதாக இருப்பது மட்டும் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதற்கு அமெரிக்காவில் 1936இல் நடந்ததைப் புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் சொல்வார்கள். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேலாகத் திரும்பி வந்ததை எண்ணி, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் என்ற வேட்பாளர்தான் ஜெயிப்பார் என்றது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் இரண்டே இரண்டு மாநிலங்களைத் தவிர எல்லாவற்றையும் அள்ளினார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து பெயர் எடுத்ததும், பதில் எழுத மனம் வந்தவர்கள் மட்டும் எழுதியதும் சேர்ந்து கவிழ்த்துவிட்டன. வார்டுக்கு இத்தனை வீடு என்று குலுக்கல் முறையில் எடுத்து, கதவைத் தட்டிக் கேட்ட சில ஆயிரம் பதில்கள், தானாக வந்து குவிந்த சில லட்சத்தைவிட நம்பகமானவை. நம் கருத்தாய்வில் நேரில் போய்க் கேட்பதும் இருந்தது, இணையவழியும் இருந்தது. இரண்டையும் கலந்தால் எந்தப் பக்கம் சாயும் என்பது கலந்த விகிதத்தைப் பொறுத்தது.

இங்கே சொந்த அனுபவம் ஒன்று. நான் குடியிருந்த அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் இப்படிப்பட்ட கருத்தாய்வு ஒன்றின் இணைப்பு வந்தது. கூடவே ஒரு வரி: 'நம்ம ஊருக்கு முதல் ரேங்க் வரணும், எல்லாரும் ஃபுல் மார்க் போடுங்க.' அன்று மதியம்தான் கழிவுநீர் லாரிக்காக எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். பல பேர் போட்டார்கள். நானும் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். ஊர்ப்பற்று அப்படி. ரேங்க் என்று ஒன்று வந்துவிட்டால் ஊரைப் பற்றி உண்மை சொல்வது ஊரைக் காட்டிக்கொடுப்பது போல ஆகிவிடுகிறது. அரசியல்வாதிகளை விடுங்கள், நமக்கே அப்படித்தான்.

ஆனால் மாதத்தையும் மாதிரியையும் சரிசெய்துவிட்டால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. எதை அளப்பது என்று யாரோ முடிவுசெய்து, எதற்கு எத்தனை விழுக்காடு என்று யாரோ தீர்மானித்து, எல்லை எதுவரை என்று யாரோ கோடு போட்டு, எல்லாம் முடிந்த பிறகு மதிப்பெண் போட மட்டும் நம்மைக் கூப்பிடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் சியாட்டிலில் 1990களின் தொடக்கத்தில் 'சஸ்டெய்னபிள் சியாட்டில்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் கூடினார்கள். எங்கள் ஊர் நன்றாக இருக்கிறது என்பதற்கு எது அடையாளம் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. பல தரப்பினரையும் உட்கார வைத்துப் பேசிப் பேசி 1993இல் 20 குறிகாட்டிகளும், 1995இல் 40ம் வெளியிட்டார்கள். பட்டியலைப் பார்த்தால் ஒரு அதிகாரி எழுதியது இல்லை என்று உடனே தெரியும். சராசரிச் சம்பளம் வாங்குகிறவர் அடிப்படைச் செலவுக்காக மாதம் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று ஒன்று. நூலகப் பயன்பாடு ஒன்று. எல்லாவற்றிலும் பேர் வாங்கியது ஆற்றுக்குத் திரும்பி வரும் காட்டுச் சால்மன் மீன்களின் எண்ணிக்கை.

மீனுக்கும் நகரத்துக்கும் என்ன என்று கேட்கலாம். சால்மன் கடலில் வளர்ந்து, பிறந்த ஓடைக்கே முட்டையிடத் திரும்பும் மீன். அது திரும்ப வேண்டுமானால் மேல்மலையில் மரம் நிற்க வேண்டும். ஓடையில் மண் சரிந்து விழக் கூடாது. வழியில் அணை மறிக்கக் கூடாது. ஊருக்குள் சாலையிலிருந்து எண்ணெயும் அழுக்கும் கழுவிக்கொண்டு இறங்கக் கூடாது. ஒரு மீனை எண்ணினால் ஒரு வட்டாரத்தையே எண்ணியதாகிறது, அதுவும் மாநகராட்சி எல்லைக்குள் அடங்காத வட்டாரம். அந்த ஊர்ப் பூர்வகுடிகளுக்கும் மீனவர்களுக்கும் அது சோறு, சாமி எல்லாம் என்பதால், எண் குறைந்தால் ஏன் என்று கேட்க ஆள் இருந்தது. குறிகாட்டி போட்டதால் மீன் திரும்பிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1999இல் அந்தக் கடற்பகுதியின் சினூக் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் அமெரிக்க அரசு சேர்த்தது. அளவுகோல் மருந்தாகாது. ஆனால் எங்கே வலிக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லியிருந்தது.

இங்கே கேட்டால் எதைச் சொல்வார்கள்? எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கி நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிறவரிடம் கேட்டால் எத்தனை இறால் கிடைக்கிறது என்பதைச் சொல்வார் என்று நினைக்கிறேன். அனல்மின் நிலையச் சாம்பல், கொசஸ்தலையாற்றின் வரத்து, முகத்துவாரம் மூடிக்கொள்வது எல்லாம் அவர் கைக்குத்தான் முதலில் தெரியும். பள்ளிக்கரணைக்குப் பக்கத்தில் இருப்பவர் மழை நின்று எத்தனை மணி நேரத்தில் தெருத் தண்ணீர் வடிகிறது என்பார். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் வருஷத்துக்கு எத்தனை நாள் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க முடிந்தது என்பார். ஜன்னல் திறந்த நாட்கள்! காற்றின் தரத்துக்கு இதைவிட நல்ல பெயரை எந்த வல்லுநர் குழு வைத்துவிடும்? இவை ஒன்றும் கவிதை இல்லை, எண்ணக்கூடியவை. தெருவுக்கு ஒரு ஆள் ஒரு நோட்டில் குறித்தால் ஒரு வருஷத்தில் கணக்கு கிடைத்துவிடும்.

எடைபோடுவதிலும் கேள்வி உண்டு. பொருளாதாரத்துக்கு 15, மக்கள் கருத்துக்கு 30 என்பது எங்கிருந்து வந்தது? வளர்ந்த நாடுகள் பல சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (OECD) 2011இல் கொண்டுவந்த 'பெட்டர் லைஃப் இன்டெக்ஸ்' இதைப் பயனரிடமே விட்டுவிட்டது. வீடு, வேலை, உடல்நலம், பாதுகாப்பு என 11 தலைப்புகள். எது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று நீங்களே நகர்த்திக்கொள்ளலாம், நகர்த்த நகர்த்த நாடுகளின் வரிசை மாறும். வரிசை என்பது எடைபோட்டவரின் விருப்பம் என்பதைப் பத்து வினாடியில் புரியவைத்துவிடும் விளையாட்டு அது.

திட்டமிடலோடு நேராகச் சேர்த்துப் பார்த்தால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் கதை இன்னும் பக்கத்தில் வருகிறது. சால்ட் லேக் நகரத்தைச் சுற்றிய வட்டாரத்தில் 1997இல் 'என்விஷன் யூட்டா' என்ற முயற்சி தொடங்கியது. ஊர் பிடிக்கிறதா என்று அங்கே கேட்கவில்லை. வட்டார வரைபடத்தை மேசையில் விரித்து, வரப்போகும் மக்களைக் குறிக்கும் சில்லுகளைக் கையில் கொடுத்து, இவர்களை எங்கே குடியமர்த்துவீர்கள் என்றார்கள். பரப்பிப் பரப்பி வைத்தவர்கள் வரைபடம் நிரம்பி வயல்வெளி காணாமல்போவதைத் தங்கள் கையாலேயே பார்த்தார்கள். பிறகு, மிகப் பரந்து விரிவதிலிருந்து மிக நெருக்கமாக வாழ்வது வரை நான்கு எதிர்காலங்களை வரைந்து, செலவு எவ்வளவு, நிலம் எவ்வளவு, பயணம் எவ்வளவு என்று கணக்கோடு மக்கள் முன்னால் வைத்தார்கள். பெரும்பாலோர் எடுத்தது மூன்றாவது, அதாவது இப்போதைய போக்கைவிட நெருக்கமான, ரயிலையும் பேருந்தையும் நம்பிய எதிர்காலம். பழமைவாதிகள் நிறைந்த மாநிலம் என்று பேர் வாங்கிய இடத்தில்! எது வேண்டும் என்று மட்டும் கேட்டால் எல்லாம் வேண்டும் என்போம். எதை விட்டுக்கொடுத்து எதை எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டால்தான் மனசு தெரியும்.

எல்லையின் சிக்கல்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது. பட்டியலில் நான்காம் இடம் வாங்கிய சென்னை, 426 சதுர கிலோமீட்டர் கொண்ட மாநகராட்சி. பெருநகரப் பகுதி நெடுங்காலமாக 1,189 சதுர கிலோமீட்டர். 2022இல் அது 5,904ஆக விரிந்து காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களுக்குள்ளும் போனது. வாழ்க்கை நடப்பது இந்தப் பெரிய வட்டத்தில்தான். ஊரப்பாக்கத்தில் தூங்கி, கிண்டியில் வேலை பார்த்து, பாரிமுனையில் சாமான் வாங்குகிறவர் எந்த ஊருக்கு மதிப்பெண் போட வேண்டும்? மின்சார ரயிலில் அவர் தொங்கிக்கொண்டு போகும் ஒரு மணி நேரம் எந்த மாநகராட்சியின் கணக்கில் வரும்?

ஒரு நகரத்தின் வாழ்தகுதி பக்கத்து ஊரிலிருந்து கடனாக வருவதும் உண்டு. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமக் கிணறுகளிலிருந்து பல காலமாக நகரத்துக்குத் தண்ணீர் வருகிறது. வறட்சி வந்தால் இன்னும் கூடுதலாக வரும். நகரத்தின் கணக்கில் அது 'தண்ணீர் வழங்கல்'. கிணறு இறங்கிப்போய், பக்கத்து வயல்காரர் இன்னும் ஐம்பது அடி போர் இறக்க வேண்டியிருப்பது எந்த அட்டவணையிலும் இல்லை. ஜோலார்பேட்டை ரயிலின் போதும் எங்களுக்கே தண்ணீர் இல்லையே என்று வேலூர் பக்கம் எதிர்ப்புக் குரல் எழுந்தது. குப்பைக்கும் இதே கதைதான், திசை மட்டும் எதிர். மாநகராட்சி மாநகராட்சியாக அளந்துகொண்டு போனால் கொடுத்தவர் மதிப்பெண் இழப்பார், வாங்கியவர் ஏறுவார். வட்டாரமாகச் சேர்த்து அளந்தால்தான் இந்தக் கொடுக்கல் வாங்கல் கண்ணில் படும். அப்படி அளக்கும்போது, 'பொதுமக்கள்' என்ற சொல்லுக்குள் அந்த வயல்காரரும் வர வேண்டும்.

அதற்கு மன்றங்கள் இல்லாமல் இல்லை. கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நகரங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் பகுதி சபைகள் கூடின. பம்மலில் நடந்ததில் முதல்வர் மு.க.ஸ்டாலினும் உட்கார்ந்திருந்தார். பகுதி சபையில் பெரும்பாலும் என்ன பேசுவோம்? விளக்கு எரியவில்லை, நாய்த் தொல்லை, கால்வாய் அடைப்பு. பேச வேண்டியவைதான். ஆனால் இதே குறைகளை ஒரு வருஷம் சேர்த்து வைத்து, இந்தப் பகுதியில் நாங்கள் எண்ண விரும்பும் மூன்று விஷயங்கள் இவை என்று ஒரு தீர்மானம் போட்டுத் திட்டக்காரர்களுக்கு அனுப்ப எந்த விதியும் தடையாக நிற்கவில்லை. அனுப்பச் சொல்லியும் விதி இல்லை.

சட்டத்தில் நமக்கு உறுதியாக இருக்கும் இடம் வேறு. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டத்தின் வரைவை அறிவித்து, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுத்து, ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் கேட்க வேண்டும். ஆட்சேபணை என்ற சொல்லே வரிசையைச் சொல்லிவிடுகிறது: முதலில் அவர்கள் எழுதுவார்கள், பிறகு நாம் மறுப்போம். மூன்றாவது திட்டத்துக்கு, தொலைநோக்கு ஆவணம் எழுதும் கட்டத்திலேயே மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அது பழைய வழக்கத்தைவிட ஒரு படி மேலே. கேட்ட கருத்து எந்தக் குறிகாட்டியாக மாறியது, 2030இல் அதை யார் எண்ணி யாரிடம் சொல்வார்கள் என்பது வரைவு வெளியாகும்போது பக்கம் புரட்டிப் பார்க்க வேண்டிய விஷயம்.

அந்த இரண்டு மாதம் எப்படிப் போகும் என்று ஊகிப்பது கடினமில்லை. நிறம் தீட்டிய வரைபடம் வரும். அவரவர் தன் சர்வே எண் எந்த நிறத்தில் விழுந்திருக்கிறது என்று தேடுவார்கள். நானும் என் மாமனாரின் கால் கிரவுண்டைத்தான் முதலில் தேடுவேன். அது முடிந்த கையோடு, அதே வரைவில் 'கண்காணிப்பு' என்றோ 'மதிப்பீடு' என்றோ ஒரு அத்தியாயம் இருக்கிறதா, இருந்தால் அதில் எண்ணப்போகிறவை எவை, அவற்றில் நம் தெருவில் யாராவது சொன்னது ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஆட்சேபணைப் படிவத்தில் அதையும் ஒரு வரி எழுதிப் போடலாம்.